செய்தி முந்துமா, வெள்ளம் முந்துமா?

சுவாமிமலை மலையல்ல. காவிரிக் கரைச் சமவெளியில் மனிதர்கள் கட்டி எழுப்பிய மலை அது. பிரபவ முதல் அட்சய வரையிலுள்ள அறுபது வருஷங்களின் பெயரால் அறுபது படிகள். ஏறிப் போனால், தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளையைத் தரிசிக்கலாம். பரமசிவனே வாய் பொத்தி, செவி சாய்த்துக் கேட்டார் என்பது ஐதிகம். அந்த ஊரில் ஓர் இரவு முழுவதும் நாமும் செவியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது. உபதேசம் செய்வார்தான் ஒருவரும் இல்லை.

2022-ஆம் ஆண்டு, ஐப்பசி பிறக்கும் சமயம். விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதி நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். சுவாமிமலையின் செப்புத் திருமேனிகள் உலகப் பிரசித்தமானவை. அவற்றின் ரகசியத்தில் பாதி காவிரி கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் மண்ணில் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் இந்த மண்ணைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மண் எவ்வளவு மென்மையானதென்றால், மெழுகில் கீறிய நகக்கண் கூட உலோகத்தில் அப்படியே வந்துவிடும். நண்பர் வீட்டுப் பின்கட்டில் அன்று ஏழெட்டு அச்சுகள் உலர்ந்துகொண்டிருந்தன. ஒரு முழ நீர் உள்ளே வந்தால் போதும், பல மாத உழைப்பு சேறாகிப் போகும்.

இரவு ஒன்பது மணிக்கு மழை வலுத்தது. மின்சாரம் நின்றது. பதினொரு மணி சுமாருக்குக் கைபேசிகளில் கோபுரக் குறி ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைந்தது. அதற்குச் சற்றுப் பின், சைக்கிளில் வந்த ஒரு பையன் வாசலில் நிற்காமலே, “அண்ணே, கொள்ளிடத்துக் கரை உடைஞ்சு போச்சாம்!” என்று கூவிவிட்டுப் போனான். வீதியில் கதவுகள் திறந்தன. ராந்தல்கள் நடமாடின. எதிர் வீட்டில் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றத் தொடங்கினார்கள். நண்பர் அச்சுகளை மாடிக்குத் தூக்கலாமா, தூக்கினால் ஈர மண் விண்டுவிடுமே என்று தத்தளித்தார்.

நண்பரின் தாயாருக்கு எண்பது வயதிருக்கும். திண்ணையை விட்டு அசையாமல் அவர் கேட்டார்: “உடைஞ்சதுன்னா எந்த ஊர்ல? எத்தனை மணிக்கு? யாரு பார்த்தா?” பதில் சொல்ல வேண்டிய பையன் அதற்குள் கோடித் தெருவுக்குப் போய்விட்டான். கிழவியார் மகன் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, மேட்டூருல எவ்வளவு தொறந்திருக்கான்?” மகனுக்குத் தெரியவில்லை. பிறகு நம்மைப் பார்த்தார். “நீங்க பத்திரிகைக்காரங்கதானே? உங்களுக்குமா தெரியாது?”

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பையில் இரண்டு கைபேசிகள் இருந்தன. உலகத்தில் எந்த மூலைச் சமாசாரமும் ஒரு விரல் தொட்டால் வந்து நிற்கும் யந்திரங்கள். அந்த இரவில் அவை விளக்காகப் பயன்பட்டன. அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். பரணிலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இறங்கியது. அதில் பாட்டரி இல்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டார்ச் விளக்கிலிருந்தும் பிடுங்கிப் போட்டு முடுக்கியதும், சுகமான சினிமாப் பாட்டு ஒன்று கேட்டது. பாட்டு முடிந்ததும் இன்னொரு பாட்டு.

கரை உடையவில்லை என்பது விடிந்த பிறகு தெரிந்தது. ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. தஞ்சை ஜில்லாவில் வெள்ளத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

அதற்குக் காரணம் உண்டு. 1924 ஜூலையில் வந்த காவிரிப் பெருவெள்ளம் சோழநாட்டையே உலுக்கிவிட்டது. அதன் பிறகே மேட்டூர் அணை வேலை துரிதப்பட்டது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அந்த அணை 120 அடி வரை நீர் தேக்கும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அன்று முதல் டெல்டாவுக்கு வரும் வெள்ளத்துக்கு ஒரு வாசற்கதவு ஏற்பட்டது. கதவைத் திறப்பவர் மனிதர். ஆகவே, வெள்ளம் வருவதற்கு முன்னால் அதைப் பற்றிய செய்தி வர முடியும். 2021-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் பாசனத்துக்குத் திறந்த தண்ணீருக்காக, கல்லணை மதகுகளை 16-ஆம் தேதிதான் திறந்தார்கள். பெருவெள்ளம் அவ்வளவு சாவகாசமாக நடந்து வராது. ஆயினும் அதற்கும் வழியில் ஒரு பகலோ ஓர் இரவோ பிடிக்கும். செய்திக்கோ ஒரு நிமிஷம் போதும்.

மேட்டூருக்குக் கீழேயும் தடுப்புகள் இருக்கின்றன. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. உபரி வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால்தான் கும்பகோணமும் சுவாமிமலையும் தூங்க முடிகிறது. அங்கே ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை, 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, வெள்ளத்தின் நடுவில் 45 மதகுகளில் 9 மதகுகளை இழந்தது. ஆகவே, ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து மேட்டூர்க் கணக்குக் கேட்பது வெறும் பழக்கம் அல்ல. கணக்குத் தெரிந்தால் எத்தனை மணி அவகாசம் என்று தெரியும். அவகாசம் தெரிந்தால் அரிசி மூட்டையை ஏற்றுவதா, ஆட்டுக் குட்டியை அவிழ்ப்பதா, பேசாமல் படுப்பதா என்று தெரியும்.

கணக்கு ஜில்லாத் தலைநகரம் வரைக்கும் வந்துவிடுகிறது. அதில் குறை சொல்வதற்கில்லை. அங்கிருந்து தெருக்கோடி வரையில் அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார்?

முன்காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. தலையாரி வருவார். தமுக்கு அடிப்பவர் வருவார். “இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்” என்ற குரல் கேட்டால், பால் கறக்கிறவர் கையை நிறுத்துவார். தண்டோராவுக்கு மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவனையும் அது எழுப்பும். ஆனால் அந்தத் தோற்கருவியைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் அபாயம் அறிவித்தவரை ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொன்னோம். வெள்ளம் வருகிறது என்று அவர் கத்திக்கொண்டு போன தெருக்களில், மற்ற நாட்களில் அவர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்றோம். இழிவென்று கருதப்பட்ட தொழிலை ஒரு ஜாதியார் தலையில் கட்டி, அதற்குக் கூலியாக ஏதோ தானியம் அளந்தோம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதி, தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்திவிடவும், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கவும் சொன்னார். மிகவும் சரியான காரியம். நூறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

ஆனால் சுவாமிமலையில் நாம் விழித்திருந்த இரவு, அந்தக் கடிதம் போய் இரண்டே மாதம் கழித்து வந்த இரவு. தமுக்குப் போய்விட்டது, ஒலிபெருக்கி வண்டி நம் தெருவுக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் சைக்கிள் பையன் வந்தான். ஊருக்கு அறிவிக்கும் வேலையை ஒரு ஜாதியாரிடமிருந்து எடுத்துவிட்டால், அது எல்லாருடைய வேலையுமாக ஆகவேண்டும். எல்லாருடைய வேலை என்பது ஒருவருடைய வேலையும் அல்ல என்று நம்மவர்கள் அர்த்தம் செய்துகொண்டிருப்பது நமது துரதிருஷ்டம்.

கடைசி ஒரு மைலில் செய்தி அறுந்து போனால் என்ன நேரும் என்பதற்குச் சோழநாடு தன் கடற்கரையில் மிகக் கொடிய சாட்சியத்தை வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி பிளந்தது. சிறிது நேரத்துக்கெல்லாம் கார் நிக்கோபார் விமானத் தளத்தை அலை மூடிவிட்டது. அங்கிருந்து தொடர்பு அறுந்தது என்பதும் நம் விமானப் படைக்குத் தெரிந்துவிட்டது. நாகப்பட்டினத்துக்கு அலை வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது! கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே நடக்கக் குழந்தைகளுக்கும் அரை மணி போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் வானிலை இலாகா அனுப்பிய பாக்ஸ் செய்தி ஒன்று, ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே பதவி போன ஒரு முன்னாள் மந்திரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததென்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. சிரிப்பதா, அழுவதா? நாகை ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். மீன் வாங்க வந்த பெண்களும், வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும், மணலில் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்களும் அவர்களில் அடக்கம்.

அதே காலையில், அதே கடலோரத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்ததை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அவ்வூர் வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டெலிவிஷனில் சுமத்ராச் செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று இங்கிருந்து சொன்னார்கள். உடனே எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். அந்த ஊரில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் வைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அலை உயரம், காற்று வேகம் முதலியவற்றை மீனவர்களுக்குத் தினந்தோறும் ஒலிபெருக்கியில் வாசிப்பது அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமையாதலால் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியை முடுக்கினார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். படகுகளும் வலைகளும் போயின; உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த நிலையத்தை ஸ்தாபித்த சுவாமிநாதன் பிறந்த கும்பகோணம் சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு நாம் இதைக் கற்காவிட்டால் குற்றம் நம்முடையதே.

நல்லவாட்டைக் காப்பாற்றியது சிங்கப்பூர் டெலிபோன் மட்டும் அல்ல என்பதை கவனிக்க வேண்டும். அந்த ஒலிபெருக்கி அபாயத்துக்காக வாங்கி, உறை போட்டு, பீரோவில் வைத்ததல்ல. தினமும் பேசிய ஒலிபெருக்கி. அதன் குரல் ஊருக்குப் பழக்கம். அது ஓடு என்றால் ஓடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சங்கு திடீரென்று ஊதினால், “என்ன சத்தம்?” என்று பார்ப்பதற்காகக் கடற்கரைக்கு ஓடுகிறவர்களே அதிகம்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ஆம் தேதி, இதற்கு நேர்மாறான வேடிக்கை நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சொன்ன ஜோசியத்தை நம்பி, மறுபடியும் அலை வரலாம் என்று டில்லி உள்துறை இலாகாவே எச்சரிக்கை விடுத்தது. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்களும், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர்களும், வைத்தியர்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு எச்சரிக்கை வாபஸ் ஆயிற்று. வரவேண்டிய செய்தி வரவில்லை; வரவேண்டாத செய்தி சர்க்கார் முத்திரையோடு வந்தது. வதந்தி என்றால் பாமர ஜனங்கள் கிளப்புவது என்று எண்ணுகிறவர்கள் அந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். சுவாமிமலை அம்மாளின் மூன்று கேள்விகளும், எங்கே, எப்போது, யார் பார்த்தது என்பவை, டில்லிக்கும் பொருந்தும். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் கடல் அலை எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டபின் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் முடிவு வந்திருக்கிறது.

அபாயம் வருமுன் செய்தி கிடைப்பது ஒன்று. வந்து போன பிறகு கிடைப்பது வேறு. இந்த இரண்டாவது விஷயத்தை நமக்குக் கற்பித்தது கஜா.

2018 நவம்பர் 16-ஆம் தேதி, விடிவதற்கு வெகு நேரம் முன்பே, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அந்தப் புயல் கரையேறியது. முன்னறிவிப்பில் குறையே இல்லை. பல்லாயிரம் பேரை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். சர்க்காரைப் பாராட்டி எல்லாரும் எழுதினார்கள். பொழுது விடிந்தது. சுவாமிமலைப் பக்கம் சேதம் குறைவுதான். ஆனால் தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்து சாலைகளை அடைத்திருந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. கைபேசிக் கோபுரங்களில் சில முறிந்தன; முறியாதவை சில மணி நேரத்தில் ஊமையாயின.

ஏன் ஊமையாயின? வாசகர்களில் பலர், கைபேசி ஆகாயத்தில் பேசுவதால் அதற்குப் பூமியில் ஒன்றும் வேண்டாம் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். கோபுரத்தின் அடியில் ஒரு பாட்டரி இருக்கிறது. மின்சாரம் நின்றால் அது சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் யந்திரம். டீசல் தீர்ந்தால், டீசல் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை வேண்டும். சாலையில் தென்னை கிடக்கிறது. தென்னையை அறுக்க ஆள் வேண்டும் என்று சொல்லக் கைபேசி வேண்டும்! இப்படி ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். பழைய செப்புக் கம்பி டெலிபோனில் இந்தத் தொல்லை குறைவு. நிலையத்திலுள்ள பாட்டரியிலிருந்தே கம்பி வழியாக அதற்கு மின்சாரம் வந்துவிடும்; வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் பேசலாம். அதை நாம் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். தந்தியையும் 2013 ஜூலையோடு வழியனுப்பிவிட்டோம்.

கஜாவுக்குப் பின் சில கிராமங்களில் விளக்கெரிய வாரக்கணக்காயிற்று. குடிநீர் எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், விழுந்த மரத்தை அறுக்கலாமா, அறுத்தால் நஷ்ட ஈட்டுக் கணக்கில் வருமா என்று ஒருவருக்கும் தெரியாது. தங்கள் ஊர் அழிந்தது வெளியுலகத்துக்குத் தெரியுமா என்பதே தெரியாது. அநேக இடங்களில் ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து வண்டிகளை மறித்தார்கள். அதைக் கலகம் என்று எழுதினார்கள். நமக்கென்னவோ அது தந்தி என்று தோன்றுகிறது. வேறு எந்த வழியாலும் செய்தி அனுப்ப முடியாதவர்கள், போகிற காரை நிறுத்தி அதன் மூலம் அனுப்பிய செய்தி அது.

இந்த இடத்தில் ஜப்பானியரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு அதில் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் உண்டு. 2011 மார்ச் 11-ஆம் தேதி பூகம்பமும் கடலும் சேர்ந்து இஷினோமாகி என்ற நகரத்தை நாசம் செய்தன. அங்கே ‘இஷினோமாகி ஹிபி ஷிம்புன்’ என்று 1912 முதல் நடந்துவரும் ஒரு சிறிய தினசரி. அச்சு யந்திரத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது, மின்சாரம் இல்லை. பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்லியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. அவர்களோ நனையாமல் மிஞ்சிய காகிதச் சுருளை வெட்டி, தடித்த பேனாவினால் கையாலேயே எழுதி, ஜனங்கள் தங்கியிருந்த முகாம்களில் ஒட்டினார்கள். ஆறு நாட்கள் அந்தப் பத்திரிகை அப்படியே நடந்தது. சரியான தகவலை அறிந்து நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் முதல் நாள் அவர்கள் சொன்னதன் சாரம். உணவு வண்டி எங்கே வரும், எந்த வைத்தியசாலை திறந்திருக்கிறது என்பவை பெரிய எழுத்தில் இருந்தன. நம் ஊர் டீக்கடைகளில் கரும்பலகையில் தலைப்புச் செய்தி எழுதிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது இதற்குத் தம்பி முறை. அந்தப் பலகையை நாம் இவ்வளவு இளப்பமாக நினைத்திருக்கவேண்டாம்.

ரேடியோவின் பெருமை இம்மாதிரிச் சமயங்களில்தான் தெரிகிறது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்தில் தொடங்கியது. ஒரு நிலையம் நின்றுவிடாமல் பேசினால் போதும், நூறு மைல் சுற்றளவில் உள்ள அத்தனை வீடுகளும் கேட்கலாம். லட்சம் பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் நெரிசல் கிடையாது. கேட்கும் கருவிக்கு வேண்டியது இரண்டு சிறிய பாட்டரி. கைபேசியில் ரேடியோ இருக்கிறதே என்பார்கள். அநேகக் கருவிகளில் இருக்கிறது, ஆனால் காதில் மாட்டும் ஒயரைச் செருகினால்தான் பாடும். பலவற்றில் அதை மூடியே விற்கிறார்கள். அவ்வாறு மூடவேண்டாம், ஆபத்துக் காலத்தில் உதவும் என்று 2023-இல் மத்திய சர்க்காரே கைபேசித் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சுனாமிக்குப் பிறகு நாகை ஜில்லா விழுந்தமாவடியில் ‘களஞ்சியம்’ என்ற சமுதாய வானொலி தோன்றியது. கடலோர ஜனங்கள் தங்கள் பேச்சிலேயே தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு ஒரு நிலையம். இப்படி ஆற்றங்கரை ஊர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நாம் பிரேரேபிக்கிறோம்.

கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்புகிறவர்களுக்கு ‘ஹாம்’ ரேடியோ என்று ஒன்று உண்டு. பொழுதுபோக்காகத் தாங்களே அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அமைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் பேசிக்கொள்கிற கூட்டத்தார். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற பெண்மணி இந்தப் பொழுதுபோக்கின் பொருட்டே ஒரு கோஷ்டியுடன் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அலை வந்து தீவுகளின் டெலிபோன் எல்லாம் ஒடுங்கியபின், அவரும் சகாக்களும் நாள் முழுவதும் கருவியின் முன் உட்கார்ந்து, உற்றாரைத் தேடித் தவித்தவர்களுக்குச் சேதி வாங்கிக் கொடுத்தார்கள். பரீட்சை எழுதி சர்க்கார் லைசென்சு பெறவேண்டும். 12 வயது நிரம்பிய பையனும் பெண்ணும் எழுதலாம். கும்பகோணத்துப் பள்ளிக்கூடங்களில் நாலு பிள்ளைகள் இதைக் கற்றால், அந்த நாலு பேர் ஒரு தாலுகாவுக்கு வாயும் காதுமாவார்கள். கோபுரம் விழுந்தாலும் வாழை மரத்தின்மேல் ஒரு கம்பியைக் கட்டிப் பேசிவிடக் கூடியவர்கள் இவர்கள். வாழை புயலில் நிற்குமா என்று கேட்காதீர்கள்; வேப்ப மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. ஒரு பிரதேசத்திலுள்ள அத்தனை கைபேசிகளையும் ஒரே நேரத்தில் கூவச் செய்யும் ஏற்பாட்டை 2023-இல் பரீட்சை செய்து பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பல குடும்பஸ்தர்கள் பதறி எழுந்தார்கள். நல்லதுதான். 1077 என்று அழைத்தால் ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையும், 1070 என்று அழைத்தால் ராஜதானி நகரத்து அறையும் பேசும். இந்த எண்கள் கைபேசிக்குள் இருந்து பயனில்லை. கைபேசி செத்த பிறகல்லவா அவை வேண்டும்? சுவரில் கரியினால் எழுதுங்கள். பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தூர் போலீஸ் நிலையத்தில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருப்பதால், வேறு எல்லாம் ஓய்ந்தாலும் அங்கே போனால் ஒரு வார்த்தை கிடைக்கும். ஆற்றுக் கரையைச் சுற்றிவரும் நீர்வள இலாகா லஸ்கர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? நமக்குத் தெரியாது. ஆற்றைத் தினமும் கண்ணால் பார்க்கிற ஒரே உத்தியோகஸ்தர் அவர். கலெக்டர் பெயர் தெரியாவிட்டால் மோசமில்லை. அவர் பெயர் தெரியாமல் ஆற்றங்கரையில் குடியிருக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் நாம் சுவாமிமலை நண்பரிடம் சொன்னபோது அவர் தமது தொழிலை வைத்து ஒரு பதில் சொன்னார். வார்ப்படத்துக்கு உலோகத்தை உருக்கிய பிறகு அச்சில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார் உண்டா என்றார். மறுநாளே எதிர் வீட்டாரையும் கோடி வீட்டாரையும் கூட்டி, மழைக் காலத்தில் தெருவுக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்வது, முறைக்காரர் ரேடியோ கேட்பது, லஸ்கரைப் போய்ப் பார்ப்பது, கேட்டதைத் தவிர ஒரு சொல்லும் கூட்டாமல் வீடு வீடாய்ச் சொல்வது என்று பேசி முடிவு செய்தார். முறை ஜாதி பார்க்காமல் வரும். முதல் முறை தமக்கே என்று அவர் போட்டுக்கொண்டார். சைக்கிள் பையனையும் சேர்த்துக்கொண்டார்கள். அவனிடம் சைக்கிள் இருக்கிறது, குரல் இருக்கிறது. எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் போதும்.

அன்று விடியற்காலை நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டோம். மழை விட்டிருந்தது. சன்னதித் தெரு முனையில் டீக்கடை திறந்திருந்தது. கரும்பலகையில் யாரோ சாக்குக் கட்டியால் எழுதியிருந்தார்கள்: ‘மேட்டூர் 120 அடி. லட்சம் கன அடிக்கு மேல் திறப்பு. கொள்ளிடம் கரைகள் பத்திரம்.’ ஓட்டமாக வந்து திண்ணையில் இருந்த அம்மாளிடம் அதைச் சொன்னோம். பத்திரிகைக்காரனின் மானம் ஒருவாறு காப்பாற்றப்பட்டது என்று நமக்கு எண்ணம். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “சரிதான். எழுதினவன் யாரு?” என்று கேட்டார்.